அசைந்தது ஒரே ஒரு விரல்

மூன்று வாரமாகப் பியானோவில் ஒரே கார்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஜி செவன்த். ஜி, பி, டி, எஃப் நான்கையும் இடக்கையால் சேர்த்து அமுக்கினால் கனமாக விழுகிறதே தவிர, ஜாஸ் வரவில்லை.

நேற்று ராத்திரிதான் பிடிபட்டது: ஜியையே விட்டுவிட வேண்டும்! அதை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். அந்தக் கார்டின் உயிர் பியும் எஃபும். இரண்டையும் தனியாக அமுக்கிப் பாருங்கள், எங்கேயாவது போய்ச் சேரத் துடிக்கும். அதோடு ஏ, ஈ சேர்த்தால் கீழிருந்து எஃப், ஏ, பி, ஈ. ஏயும் பியும் உரசுகிற இடத்தில் ஒரு மினுமினுப்பு.

பாட்டில் அதற்கு முந்தைய கார்டான டி மைனருக்குக் கை எஃப், ஏ, சி, ஈ மேல் இருக்கிறது. அங்கிருந்து ஜி செவன்த்துக்கு வர, ஆள்காட்டி விரல் மட்டும் சியிலிருந்து பக்கத்து பிக்கு இறங்குகிறது. மற்ற மூன்று விரலும் அசையவில்லை. இருபது தடவையாவது வாசித்திருப்பேன், கண் கலங்கிவிட்டது.

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்த பதிவுகளை மறுபடி கேட்டேன். அவர் இடக்கை ஒதுங்கித் தந்த இடத்தில் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் எப்படிப் பாடுகிறது! அடுத்த பதினோராவது நாளே கார் விபத்தில் போய்விட்டார் அந்த மனிதர், வயது 25.

இன்று காலை கைப்பேசியில் டி ஃப்ளாட்டை ஒலிக்கவிட்டு அதே பி, எஃப்பை அமுக்கினேன். அது டி ஃப்ளாட் செவன்த் ஆகிவிட்டது. கை இருந்த இடத்திலேயே இருந்தது.