பிடித்ததும் பெரியதும்

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில், வடகடலின் குளிர்காற்று ஓயாது வீசும் முனையொன்றில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. நம் முன்னோர் பிலவேந்திரர் என்று அன்புடன் அழைத்த திருத்தூதர் அந்திரேயாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 1413-ல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகமும், 1318-ல் அபிஷேகம் பெற்ற பேராலயத்தின் இடிபாடுகளும் அங்கு உண்டு. எனினும், நாற்றிசையினின்றும் அந்நகரை நாடி வருவோருள் பலர் தேடி வருவது ஒரு புல்வெளியையே. 'பழைய திடல்' என வழங்கும் கோல்ஃப் மைதானம் அது.

கோல்ஃப் ஆட்டம் நம் வாசகருள் பலர் ஆடி அறியாதது. சிறு பந்து ஒன்றைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள துளையில் விழச் செய்யவேண்டும். இவ்வாறு பதினெட்டுத் துளைகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெற்றவர். இப்பதினெட்டு என்னும் எண்ணும் இவ்வூர் தந்ததே. ஒரு சுற்றுக்கு 22 ஆக இருந்ததை 1764-ல் இங்கு 18 ஆகக் குறைத்தனர். காலப்போக்கில் உலகமே அதனை ஏற்றுக்கொண்டது.

பெரும் போட்டிக் காலங்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் ஆட்டம் இல்லை. அன்று ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அங்கு உலவுவர். அத்தகைய ஒரு ஞாயிறன்று அவர்களோடு நானும் நடந்தேன். அழகிய பூங்காவை எதிர்பார்த்து வருபவர்க்கு அங்கு ஏமாற்றமே காத்திருக்கிறது. நிழல்தரும் சோலை இல்லை, குளம் இல்லை, மலர்ப்பாத்தி இல்லை. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணற்பாங்கான தரை, ஆங்காங்கே முட்புதர்கள், நூற்றுக்கு மேற்பட்ட மணற்பள்ளங்கள். அவற்றுள் சில, பந்தை அடிப்பவர் நிற்குமிடத்திலிருந்து கண்ணுக்கே தென்படுவதில்லை. பழுதின்றி அடித்த பந்தும் ஒரு சிறு மேட்டில் பட்டு விலகி, பள்ளத்தில் சென்று விழக்கூடும்.

1946-ஆம் ஆண்டு சாம் ஸ்னீட் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இரயிலில் அவ்வூரை நெருங்கினார். சன்னல் வழியே இத்திடலைப் பார்த்தவர், கைவிடப்பட்ட பழைய கோல்ஃப் மைதானம் போலிருக்கிறதே என்றாராம். அவ்வாண்டு அங்கு நடைபெற்ற ஓப்பன் போட்டியில் வாகை சூடியவரும் அவரே.

அவருக்கு முன்னர் வந்த மற்றோர் அமெரிக்கரின் வரலாறு இன்னும் ஆழமானது. பாபி ஜோன்ஸ் 1921-ல் இங்கு முதன்முதலாக ஓப்பன் போட்டியில் ஆடியபோது பத்தொன்பது வயது இளைஞர். மூன்றாம் சுற்றில் அடிகள் பெருகின. பதினோராம் துளையருகே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியினின்றும் விலகினார். திடல் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அவர் மீண்டும் வந்தார். 1927-ல் இதே திடலில் ஓப்பன் பட்டத்தை வென்று, கோப்பையை இவ்வூரிலேயே வைத்திருக்குமாறு கேட்டுக்கொண்டார். 1930-ல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் இங்கேயே வென்றார். 1958-ல், நோயால் நடை தளர்ந்த நிலையில், நகரின் சிறப்புக் குடியுரிமையைப் பெற வந்தார். இவ்வூரில் பெற்ற அனுபவங்கள் தவிர மற்றனைத்தையும் தம் வாழ்வினின்று எடுத்துவிட்டாலும், அது நிறைவான வாழ்வாகவே இருக்கும் என்று அப்போது மனமுருகிக் கூறினார்.

1921-க்கும் 1927-க்கும் இடையே திடல் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை; பார்த்தவர் கண்களே மாறின. அவர் அங்கு எதைக் கண்டார்? இத்திடல் அகலமானது. புதிதாக ஆடப் பழகுபவரும் அதிகம் இடரின்றிச் சுற்றி வரலாம். ஆனால், பல துளைகளில் அஞ்சி இடப்புறம் அடித்தால் அடுத்த அடி கடினமாகும். துணிந்து இடரை ஒட்டி அடித்தால் அடுத்த அடி எளிதாகும். எங்கு அடிக்கவேண்டும் என்பதைத் திடல் சொல்வதில்லை. ஆடுபவரே சிந்தித்துத் துணியவேண்டும். காற்று திசை மாறினால் நேற்றைய விடை இன்று செல்லாது. போகும் வழித் துளையும் திரும்பும் வழித் துளையும் ஒரே புற்றரையைப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் ஏழு. அவ்விரு துளைகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். முழுவதையும் வரைந்து அமைத்த சிற்பி எவருமிலர். கடலும் காற்றும் மேய்ந்த ஆடுகளும் தலைமுறை தலைமுறையாக ஆடிய மக்களும் சேர்ந்து உருவாக்கிய நிலம் அது.

அருகிலேயே 1895-ல் திறக்கப்பட்ட 'புதிய திடல்' இருக்கிறது. அங்கு ஆடி மகிழ்ந்து வீடு திரும்புவதில் குற்றம் ஒன்றுமில்லை. நல்லதை நல்லதென்று சுவைப்பது இறைவன் தந்த இன்பமே. ஆனால், 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்னும்போது நாம் நம்மைப் பற்றிப் பேசுகிறோம். 'இது பெரியது' என்னும்போது அப்பொருளைப் பற்றிப் பேசுகிறோம். முன்னதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். பின்னதற்குப் பொறுமையும், மீண்டும் வரும் மனமும், நம் விருப்பத்தைச் சற்றே ஒதுக்கி வைக்கும் பணிவும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளைவது யாது? அவ்வூரின் வரலாறே விடை கூறும். 1552-ல் பேராயர் ஜான் ஹாமில்டன், அந்நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையைத் தாம் பெற்றபோது, அங்கு கோல்ஃப் முதலியன ஆடும் ஊராரின் உரிமையையும் எழுத்தில் உறுதி செய்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1559-ல், சமயக் கொந்தளிப்பில் பேராலயம் சூறையாடப்பட்டது. பின்வந்தோர் அதன் கற்களைப் பெயர்த்துச் சென்று வீடு கட்டிக்கொண்டனர். ஸ்காட்லாந்திலேயே மிகப் பெரிய ஆலயம் அவர்கள் கண்ணுக்கு வெறும் கற்குவியலாயிற்று. திடலுக்கும் அக்கதி நேரவிருந்தது. 1797-ல் கடனில் மூழ்கிய நகர மன்றம் அந்நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகர் கைக்குச் சென்றது. ஆண்டுக்கணக்கில் வழக்கும் பூசலும் தொடர்ந்தன. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதனை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1894-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது மீண்டும் நகரத்தாருடையதாயிற்று. பேராலயம் இன்று மதிற்சுவர்களாக நிற்கிறது. திடலோ உயிரோடு இருக்கிறது. உரிய காலத்தில் அதன் அருமையை அறிந்தவர் ஒருவர் இருந்தார் என்பதே வேறுபாடு.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் இது நிகழ்கிறது. பழைய நூல், மூதாட்டியின் பாட்டு, கடினமான கணக்கு, நீண்ட செபம் எதுவாயினும், 'பிடிக்கவில்லை' என்று பிள்ளை சொன்னவுடன் அதனை ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளையின் சொல் உண்மையே. அவனைக் கடிந்துகொள்ள வேண்டா. ஆனால், அச்சொல் அவனைப் பற்றிய செய்தியே அன்றி, அப்பொருளைப் பற்றிய தீர்ப்பு அன்று என்பதை அவனுக்கு அன்போடு விளக்குங்கள். இன்னொரு முறை அதனிடம் அழைத்துச் செல்லுங்கள். தான் விரும்பாத ஒன்றையும் பெரியதென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை இளமையிலேயே வாய்க்கப்பெற்றவன், தன்னினும் பெரியவற்றின் முன் நிற்கக் கற்றுக்கொள்வான். அவன் உள்ளமும் அவற்றின் அளவுக்கு விரியும்.