சீருடையும் செங்கோலும்

"காவலர் அரசியலுக்கு வந்தால் கைத்தடியையும் கூடவே கொண்டு வருவார்" என்று விடுதி நண்பர் ஒருவர் அடித்துப் பேசினார். எனக்கோ டாம் பிராட்லியின் நினைவு வந்தது.

1917இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர், அடிமைகளின் பேரன். ஓட்டத் திறமையால் கல்லூரியில் இடம் கிடைத்தது. பட்டம் பெறுமுன்பே, 1940இல், லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையில் சேர்ந்துவிட்டார். (வீட்டின் முதல் பட்டதாரி ஆகவேண்டிய எனக்கு இந்த இடம் நெஞ்சை உறுத்துகிறது.) லெப்டினன்ட் வரை உயர்ந்தார். அந்நாளில் கறுப்பர் அங்கே எட்டிய உச்சம் அதுதான். இரவில் சட்டம் படித்து, 1961இல் சீருடையைக் களைந்தார்.

1963இல் நகரமன்ற உறுப்பினர். 1969இல் மேயர் தேர்தலில் தோல்வி, 1973இல் வெற்றி. பிறகு இருபதாண்டுகள் அவரே மேயர். 1984 ஒலிம்பிக் அவர் காலத்தில்தான் அங்கே நடந்தது.

ஆனால் 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பரைக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சியை உலகமே பார்த்தது. காவல்துறைத் தலைவரைப் பதவி விலகச் சொன்னார் பிராட்லி. அவர் மறுத்துவிட்டார். நீக்கும் அதிகாரமோ மேயருக்கு இல்லை! இருபத்தோராண்டுகள் தாம் பணிபுரிந்த துறை அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அக்காவலர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த அன்றே நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூன் மாதம் தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பு கட்ட மக்கள் வாக்களித்தார்கள். 1993இல் பிராட்லி மீண்டும் போட்டியிடவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் அந்தத் தடி யார் கையில்தான் இருந்தது?" என்று கேட்டார்.