"எப்ப சேர் கிரவுண்டுக்கு வாறீங்க?"



எங்கள் பாடசாலை விளையாட்டு ஆசிரியரின் நிலைமை என்ன என்று இன்பொக்ஸில் பலர் கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட்டு முடியவில்லை. அதனால் அவரிடம் கேட்டு, பெயர் போடுவதில்லை என்ற நிபந்தனையோடு, ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்தில் உட்காரும் நாங்கள் நாலு பேரும் பேசிக்கொண்டு இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளும். எங்கள் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கற்பிட்டிப் பக்கம் உதைபந்து பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரியும். வலது பக்க ஓரத்தில் பந்தோடு ஓடினால் பிடிக்க முடியாது. எங்களில் இரண்டு பேர் கல்வியியற் கல்லூரியிலும் அவரோடு ஒரே விடுதி. அப்போதே வலது தொடை தொடங்கும் இடத்தில் வலி என்பார். "சதை புடிச்சிரிக்கி" என்று தைலம் பூசிக்கொண்டு இறங்குவார். நாங்களும் சதை என்றே நம்பினோம். இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் இடுப்பில் தெரியாது, தொடை இடுக்கிலும் சிலருக்கு முழங்காலிலும் தெரியும் என்பதெல்லாம் பிறகு படித்த பாடம். கடைசி இரண்டு வருடம் அவரால் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியவில்லை. மாணவன் ஒருவன் கட்டிவிடுவான். அத்தஹிய்யாத்தில் உட்காரும்போது முகம் சுருங்கும். முப்பத்தெட்டு வயது. எக்ஸ்ரேயில் மூட்டுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளியே இல்லை.

சென்னையில் செய்தார்கள். செலவை எப்படித் திரட்டினோம் என்பது வேறு கதை, உதவியவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். 'ஹிப் ரீசர்ஃபேசிங்' என்று பெயர். வழமையான இடுப்பு மூட்டு மாற்றத்தில் தொடை எலும்பின் உருண்டைத் தலையையும் அதன் கழுத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்குவார்கள். இதில் தலையை வெட்டுவதில்லை. சீவி உருட்டி, பல்லுக்குக் கவசம் போடுவதுபோல் உலோகத் தொப்பி ஒன்றை மாட்டுகிறார்கள். இடுப்புப் பக்கக் குழியில் உலோகக் கிண்ணம். இன்றைக்குப் பாவிக்கும் முறை 1997இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டெரெக் மக்மின் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கொண்டுவந்தது. சென்னையில் விஜய் போஸ் போன்றவர்கள் இதை நீண்ட காலமாகச் செய்து வருவதால், கடல் தாண்டி எங்களைப்போல் நிறையப் பேர் அங்கே போகிறார்கள்.

"எங்கட உம்மாவுக்கும் இதச் செய்யலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவசரப்பட வேண்டாம். உலோகத்தோடு உலோகம் உரசி இரத்தத்தில் உலோக அயன்கள் சேருவது உண்டு. 2010இல் ஒரு கம்பனியின் இந்த மாதிரி மூட்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். சிறிய எலும்புள்ளவர்களுக்கு, அதனால் பெண்களுக்கு, பிரச்சினை அதிகம். எலும்பு திடமான, விளையாடும் வயது ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். உம்மாமாருக்கு வழமையான மூட்டு மாற்றமே போதும். அதை இங்கேயே வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மரேக்கும் இதே சத்திரசிகிச்சைதான். 2019 ஜனவரியில் மெல்பர்னில் பத்திரிகையாளர் முன்னால் அழுதுவிட்டார். சொக்ஸ், சப்பாத்து போடவே வலிக்கிறது என்றார். எங்கள் சேரின் கயிறு ஞாபகம் வரவில்லையா? அதே மாதம் 28ஆம் திகதி லண்டனில் செய்தார்கள். ஜூனில் குயின்ஸ் கிளப்பில் ஃபெலிசியானோ லோபஸோடு இரட்டையர் கிண்ணம் எடுத்தார். ஒக்டோபரில் அன்ட்வெர்ப் இறுதியாட்டத்தில் வாவ்ரிங்காவையே தோற்கடித்தார். அவருக்கு முன்னால் அமெரிக்காவின் பொப் பிரையன், 2018 ஆகஸ்டில் செய்துகொண்டு அடுத்த ஜனவரியில் இரட்டையர் ஆட்டத்துக்கு வந்துவிட்டார்.

இந்தக் கதையை சேருக்கு ஃபோனில் அனுப்பியது நாங்கள்தான். "அஞ்சு மாசம் சேர்! இன்ஷா அல்லாஹ் ஜூன்ல நீங்க கிரவுண்ட்ல" என்று எழுதினோம். சந்தோஷப்படுத்துகிறோம் என்று நினைத்தோம்.

நாங்கள் அனுப்பாத பாதி ஒன்று இருந்தது. பத்து வாரத்துக்குப் பிறகும் மரே செய்தது சுவரில் பந்தடித்தது மட்டும்தான். திரும்பி வந்தது அரை மைதானத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் இரட்டையருக்கு. ஒற்றையருக்கு ஆகஸ்ட் வரை போகவில்லை. பக்கத்தில் எப்போதும் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். எங்கள் சேருக்கு எங்கே அதெல்லாம்? தாளில் படம் போட்டுக் கொடுத்த பயிற்சிகள், மனைவி, நாங்கள். அதைவிட, டென்னிஸில் யாரும் காலில் வந்து இடிப்பதில்லை.

சென்னை வைத்தியர் புறப்படும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். தொப்பிக்குக் கீழே இருக்கும் கழுத்து உங்கள் சொந்த எலும்பு. முழு மாற்றத்தில் அது இருக்காது, முறியவும் முடியாது. உங்களுக்கு இருக்கிறது. சத்திரசிகிச்சையில் அதன் இரத்த ஓட்டம் குழம்பியிருக்கும். முதல் மாதங்களில் அது பலவீனம். ஆனால் பழைய வலி அதற்கு முதலே போய்விடும். அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

சொன்னதுபோலவே, சத்திரசிகிச்சைக்கு மறுநாள் வோக்கர் பிடித்து நிற்கவைத்தபோதே பழைய வலி இல்லை. வெட்டின காயம் வலித்தது, அது வேறு வலி. மனைவியிடம், "பத்து வருசமா இரிந்த ஆள் வீட்டை விட்டுப் போன மாதிரி இரிக்கி" என்றாராம்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டிவந்தோம். விமானம் ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து கற்பிட்டி வருவதுதான் பாடு. நீளக் காலுறை போட்டபடி, சீட்டில் தலையணை வைத்து, இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்கும்படி உட்காரவைத்தோம். இரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக நீர்கொழும்பு தாண்டி, சிலாபத்தில், முந்தலில் என்று வேனை நிறுத்தி நிறுத்தி நடக்கவைத்தோம். பாலாவிச் சந்தியில் தேநீர்க்கடைக்காரர் கண்டுகொண்டார். முதல் கேள்வியே, "எப்ப சேர் கிரவுண்டுக்கு வாறீங்க?"

வீட்டில் முதல் பிரச்சினை கொமட். இருந்தது தரைக் கக்கூஸ். இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, குந்தவே கூடாது. ஒரு பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வட்டமாக அறுத்து வைத்தோம். கட்டில் கால்களுக்குக் கீழே இரண்டு இரண்டு கல். இரவில் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. ஆட்டோவில் ஏற்றினால் சீட் பதிவு, கால் மடங்கிவிடும், அதனால் ஆட்டோ வேண்டாம். பார்க்க வந்தவர்கள் பழம், பிஸ்கட் கொண்டுவந்தார்கள். ஒரு நானா மட்டும் தன் வீட்டு உயரமான மரக் கதிரையைத் தலையில் சுமந்து வந்தார். அந்தக் கதிரைதான் இன்றைக்கும் அவருக்கு எல்லாம்.

அடுத்தது நடப்பது. தினமும் கூட்டிக் கூட்டி நடக்கவேண்டும், சமதரையில். எங்கள் ஊரில் சமதரை எங்கே? வீட்டு வாசலில் தொடங்கிக் கடல் வரைக்கும் மணல். மணலில் ஊன்றுகோல் புதையும், பாதம் சரியும். பெரிய வீதியில் நடந்தால் நுரைச்சோலையிலிருந்து வெங்காயம் ஏற்றிவரும் லொறிகள். கடைசியில் கிடைத்தது பாடசாலை விறாந்தைதான். பிள்ளைகள் போன பிறகு, ஆறாம் வகுப்பிலிருந்து விஞ்ஞான கூடம் வரை சீமெந்துத் தரை. எட்டுத் தடவை போய்வந்தார், பிறகு பன்னிரண்டு, பிறகு இருபது. விறாந்தையிலிருந்து மைதானம் நேரே தெரியும். அதை அவர் பார்க்காமல் நடந்தது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

பள்ளியில் கதிரையில் தொழுதார். மார்க்கம் நோயாளிக்குக் கொடுத்த சலுகையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கதிரைகள் எல்லாம் வயதானவர்களுடையவை. அந்த வரிசையில் ஊரின் வேகமான கால்களுக்குச் சொந்தக்காரர் போய் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த அப்பா ஒருவர் தோளில் தட்டி, "வாங்க மகன், எங்கட டீமுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். சேரும் சிரித்தார். வீட்டுக்குப் போய் அழுதார் என்று மனைவி பிறகு சொன்னார்.

அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. கடையில், பள்ளி வாசலில், பெற்றோர் கூட்டத்தில், எங்கள் வாயிலிருந்தும். அன்பில்தான் கேட்டோம். நாள் ஒன்றுக்கு இருபது பேர் அன்பாகக் கேட்டால் அது ஒரு திகதி போல ஆகிவிடுகிறது.

ஒன்பதாவது வாரம் இல்ல விளையாட்டுப் போட்டி. நடக்கும்போது வலியே இல்லை, வீட்டுக்குள் ஊன்றுகோலையும் விட்டிருந்தார். கதிரையில் உட்கார்ந்து நேரம் குறிக்கட்டும் என்று கூட்டிவந்தது நாங்கள். பிறகு நேரக் கணிப்பை விட்டு ஆரம்ப இடத்தில் நிற்கச் சொன்னதும் நாங்கள், ஆள் போதவில்லை. அஞ்சலோட்டத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கோல் மாற்றும்போது விழுந்தான். சேர் ஓடினார். ஏழெட்டு அடி இருக்கும். பையனைத் தூக்கக் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

புத்தளத்துக்குக் கொண்டுபோகும் வழியில் வேனில் யாரும் பேசவில்லை. கழுத்து முறிந்திருந்தால் தொப்பியோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு மாற்றம்தான் என்று எங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரேயை ஃபோனில் சென்னைக்கு அனுப்பிவிட்டு, மஃரிப் தொடக்கம் இஷா தாண்டும் வரை காத்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. தொடை இடுக்குத் தசை இழுபட்டிருந்தது. திரும்பவும் இரண்டு ஊன்றுகோல், மூன்று வாரம். அன்றிரவு அவர் எங்களைத் திட்டவில்லை. "ஓடலாம்னு நினச்சி ஓடல்ல. நோவு இல்லாததால மறந்துட்டன்" என்றார்.

நாங்கள் மறந்ததற்கு அந்தக் காரணமும் இல்லை.

இப்போது பதினாறாவது வாரம். ஒரு கைத்தடி, அதுவும் வெளியே மட்டும். காயம் நன்றாக ஆறிவிட்டதால் களப்பில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். வெளிநாட்டில் அதற்குத் தனியாகத் தடாகம் கட்டுகிறார்கள், எங்களுக்கு வாசலிலேயே இருக்கிறது. ஒரே கவலை அடியில் சேறும் சிப்பியும். அதனால் வள்ளங்கள் கட்டும் இடத்துக்குக் கிழக்கே, தரை இறுக்கமான ஒரு துண்டைப் பார்த்துக் கம்பு நட்டு வைத்திருக்கிறோம். அதற்குள்ளே மட்டும் நடக்கிறார். ஓட்டம் ஆறு மாதத்துக்கு முன்னால் பேச்சே இல்லை. உதைபந்து ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம் என்கிறார் வைத்தியர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் ஓடத் தேவையில்லை. போன கிழமை கதிரையில் இருந்தபடியே பதினேழு வயதுக்குட்பட்ட அணியைத் தெரிவு செய்தார்.

தண்ணீரில் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். ஞாயிறும் செவ்வாயும் எங்கள் முறை. வியாழன் அஸருக்குப் பிறகு ஆள் இல்லை. நீந்தத் தெரிந்த, அந்த ஒரு கேள்வியைக் கேட்காத யாருக்காவது நேரம் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.