மஞ்சள் விளக்கு

திருவாலங்காட்டுப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து திருவள்ளூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சரக்கு ஏற்றிச் செல்வோரில் பலர் ஒற்றை வண்டிக்காரர்கள். ஓட்டுநரும் அவரே, சுமை தூக்குபவரும் அவரே, இரவில் அமர்ந்து தவணைக் கணக்குப் பார்ப்பவரும் அவரே. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். ஆகவே வண்டியில் எழும் ஒவ்வொரு புதிய ஓசையையும், நோயாளிப் பிள்ளையின் இருமலைக் கேட்கும் தாயைப்போல் அவர்கள் கேட்கிறார்கள். ஓசையின்றி வரும் எச்சரிக்கையை மட்டும் அவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. ஓட்டுநரின் கண்ணெதிரே, வேகமானிக்கு அருகில் எரியும் மஞ்சள் விளக்கு அத்தகையது. அது எரிந்தாலும் வண்டி ஓடத்தான் செய்கிறது. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களையும் நாம் கண்டதுண்டு.

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், 2020ஆம் ஆண்டின் இறுதியில் சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடும் சிறு லாரி ஒன்றைத் தவணையில் வாங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளின்படி உருவான வண்டி அது. இரண்டரை இலட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வேளையில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ஒரு கிலோ வாயுவுக்கு ஓடும் தூரமும் மெல்லக் குறைந்தது. அவர் ஓரிடத்தில் காட்டினார். இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்களோடு சைலன்சரில் உள்ள கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவருடைய பல மாதத் தவணைக்கு நிகரான தொகையைக் கேட்டார்கள். இன்னோரிடத்தில் வேறு வழி சொன்னார்கள். கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். அதற்கு நல்ல விலை கிடைக்கும். விளக்கு எரியாதபடி கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிடலாம். செலவு போய் வரவாகிவிடும்.

அவர் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து, நாம் எதிர்பாராத கேள்வியைக் கேட்டார்: “சாமி, அதைக் கழட்டிட்டா பாவமா?”

பாவமா இல்லையா என்பதைச் சொல்வதற்கு முன், கழற்றப்படுவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? “எதைக் கழட்டுறாங்கன்னு முதல்ல பார்த்துட்டு வருவோம், தம்பி” என்று சொல்லி, மறுநாள் அவருடன் புறப்பட்டோம்.

ஆக்ஸிஜன் சென்சார் என்பது கட்டைவிரல் அளவுள்ள உருப்படி. உயிர்வளி உணரி என்று தமிழில் சொல்லலாம்; பட்டறையில் அந்தப் பெயர் செல்லாது. அதன் உள்ளே சிர்கோனியா என்னும் வெண்களிமண் போன்ற பொருளால் ஆன சிறு குப்பி இருக்கிறது. சிர்க்கான் மணல் நமக்கு அயலானதன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே அது கலந்து கிடக்கிறது. சிர்கோனியாவைச் சூடாக்கினால் அதனூடே மின்சாரம் பாயும் என்பதைக் கண்டு, 1890களின் இறுதியில் ஜெர்மனியின் வால்டர் நெர்ன்ஸ்ட் ஒரு விளக்கையே செய்தார். வேதியியலில் 1920ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றவர் அவர். இரு பக்கமும் வேதிப்பொருளின் அடர்த்தி வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்று கணக்கிடும் சமன்பாடு அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தச் சமன்பாடுதான் இன்று கும்மிடிப்பூண்டி சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

குப்பியின் உட்புறத்தில் வெளிக்காற்று. அதில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளி. வெளிப்புறத்தைச் சூழ்ந்து செல்வது எஞ்சினிலிருந்து வரும் புகை. சூடு 300 பாகை செல்சியசைத் தாண்டியதும் இரு பக்கத்து உயிர்வளியின் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் எழுகிறது. எரிபொருள் மிகுந்து, புகையில் உயிர்வளி அற்றுப்போனால் ஏறத்தாழ 0.9 வோல்ட், எரிபொருள் குறைந்து உயிர்வளி மிஞ்சினால் 0.1 வோல்ட். கம்ப்யூட்டர் இதைப் படித்து, எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் சமநிலையைத் தேடிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலாயின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. இயற்கை வாயுவாயின் ஏறத்தாழ 17 பங்கு. இக்கருவியை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்க, 1976இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வால்வோ கார்களில் அது முதன்முதல் பொருத்தப்பட்டது.

இவ்வளவு நுட்பமான சமநிலை எதற்கு? சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கன்வெர்ட்டருக்காகத்தான். தேன்கூடு போன்ற அதன் நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. கரியமில ஓருயிரகத்தையும், எரியாத வாயுவையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஒருங்கே தீங்கற்றவையாக மாற்ற அதனால் இயலும். ஆனால் காற்றும் எரிபொருளும் அந்தக் குறுகிய சமநிலையில் இருந்தால் மட்டுமே இயலும். நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் இக்கருவிக்கு நஞ்சாதலால், ஈயமற்ற பெட்ரோலும் அப்போதுதான் வந்தது. உள்ளிருப்பதற்கு நல்ல விலை கிடைக்கும் என்று அந்த மனிதர் சொன்னது பொய்யன்று. ரோடியம் தங்கத்தைவிட விலைமிக்கதாக விற்ற ஆண்டுகளும் உண்டு.

நாம் சென்ற பட்டறை திருவள்ளூர்ச் சாலையோரத்தில் தகரக் கூரையிட்ட சிறிய இடம். அதன் உரிமையாளரை எல்லாரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அறுபதைக் கடந்தவர், கார்புரேட்டரைக் காதால் கேட்டே திருத்திய தலைமுறை. இப்போது கையில் ஸ்கேனர் வைத்திருக்கிறார். அதை வண்டியின் பிளக்கில் செருகியதும் திரையில் ஒரு கோட் எண் வந்தது.

“ஃபாதர், இந்த நம்பரப் பார்த்ததும் சென்சாரை மாத்துனா அது வேலை இல்ல” என்றார் பாய். “இது புகார்தான். தீர்ப்பு இல்ல.”

திருச்சபைச் சட்டம் பயின்ற நமக்கு அச்சொல் மிகவும் பிடித்திருந்தது.

அவர் முதலில் தேடியது கசிவை. சென்சாருக்கு முன்னால் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரிபொருள் குறைவு என்று சென்சாரைச் சொல்ல வைத்துவிடும். கம்ப்யூட்டர் அதை நம்பி வாயுவை அள்ளிக் கொட்டும். குற்றம் குழாயினுடையது, தண்டனை சென்சாருக்கு. பையன் ஒருவன் துணியால் புகைக்குழாயின் வாயை அடைக்க, பாய் இணைப்புகளில் சோப்பு நீரைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தார். எழவில்லை. பிறகு வயர்களை எலி கடித்திருக்கிறதா, சூடான குழாயில் பட்டு உருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதன்பிறகே எஞ்சினைச் சூடேறவிட்டுத் திரையில் கோட்டுப் படத்தைக் காட்டினார்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னது நொடிக்கு ஓரிரு முறையேனும் மேலும் கீழும் துள்ள வேண்டும். இந்த வண்டியிலோ அது முதியவர் படியேறுவதுபோல் ஏறி, இறங்க மறந்து நின்றது. பின்னது அசையாமல் 0.7 வோல்ட்டை ஒட்டி நேர்கோடாக ஓடியது. “பின்னாடி இருக்கறது முன்னாடி இருக்கறதப் போலவே ஆடினா கன்வெர்ட்டர் போச்சுன்னு அர்த்தம். ஆடல. கன்வெர்ட்டர் நல்லா இருக்கு” என்றார் பாய். முதலிடத்தில் கேட்ட பெருந்தொகையில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு நேர்கோட்டில் கரைந்து போயிற்று. தேவைப்பட்டது ஒரு சென்சார் மட்டுமே. எனினும் அதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. முன் சென்சார் சோர்ந்திருக்க, எரியாத வாயு தொடர்ந்து கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்தால் அதன் தேன்கூடே உருகிவிடும். பிறகு அந்தப் பெருந்தொகை உண்மையாகவே வேண்டியிருக்கும்.

சென்சாருக்கு இந்நிலை ஏன் வந்தது? முதற்காரணம் வயதுதான், இவ்வகை உணரிகளிடம் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கிலோமீட்டருக்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. எஞ்சின் எண்ணெய் சிறிது சிறிதாக எரிவதும், பட்டறைகளில் தாராளமாகப் பூசும் சிலிக்கான் பசையின் ஆவியும் அதை மெல்ல நஞ்சூட்டுகின்றன. நஞ்சேறிய உணரி தான் பொய் சொல்வதை அறியாது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவருக்கும் இவ்விடத்தில் மனச்சான்றைப் பற்றி நீண்டதொரு மறையுரை ஆற்ற நா துடிக்கும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கிறோம்.

அன்பரின் கேள்விக்கு வருவோம். கழற்றுவதைச் சட்டம் குற்றம் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, காற்று மாசு நெறிகளை மீறி ஓட்டுவோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் நாம் அவரிடம் சட்டத்தைச் சொல்லவில்லை. தொழிற்சாலை வாயிலில் வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைப்பாரா என்று கேட்டோம். அணைப்பதில்லை என்றார். முன்னால் நிற்கும் வண்டியின் புகை யார் மூக்கில் ஏறும் என்று கேட்டோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அங்க டீக்கடையில ஒரு சின்னப் பொண்ணு தம்பியத் தூக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், சாமி” என்றார். கரியமில ஓருயிரகத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; கரும்புகை கக்கும் பழைய லாரியைக் கண்டால் விலகி நிற்கும் குழந்தைகூட இதைக் கண்டு விலகாது. அவருடைய கேள்விக்கு வேறு விடையை நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதுப்பேட்டையில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்குமே என்று அவர் கேட்டதற்குப் பாய் இசையவில்லை. கதவும் கண்ணாடியும் பழையது வாங்கலாம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எவருக்கும் தெரியாத சென்சாரை வாங்குவது வீண் என்றார். அசல் பொருளையே வாங்கி வந்தார்கள். சில ஆயிரம் ரூபாய். அந்த மாதம் டயர் மாற்ற வைத்திருந்த பணத்தில் அது ஈடாயிற்று.

மாற்றும் வேலை அரைமணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, துரு இளக எண்ணெய் தெளித்து, பக்கவாட்டில் பிளவுள்ள 22ஆம் எண் சாக்கெட்டால் திருகினார். குளிர்ந்த நிலையில் முரட்டுத்தனமாகத் திருகினால் குழாயின் மரையும் சேர்ந்து வந்துவிடுமாம். புதியதன் மரையில் மட்டும் பசையைத் தடவினார். முனையில் விரல்கூடப் படவில்லை. வயரை வெட்டிச் சாலிடர் வைத்து ஒட்டக்கூடாது என்று பையனைக் கண்டித்தார். காரணம் வியப்பானது: குப்பியின் உட்புறத்துக்கு வேண்டிய வெளிக்காற்று பல சென்சார்களில் அந்த வயரின் இழைகளுக்கிடையே தான் செல்கிறது. ஈயத்தால் அடைத்தால் அதற்கு மூச்சு முட்டும்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. கிலோவுக்கு ஓடும் தூரம் அடுத்த சில வாரங்களில் பழைய அளவை ஏறக்குறைய எட்டியது; முழுமையாக அன்று, எஞ்சினுக்கும் வயதாகிவிட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உட்புறத்தில் எண்ணெய் மாற்றிய கிலோமீட்டர்களை வரிசையாக எழுதிவைப்பது அன்பரின் வழக்கம். அதன்கீழ் ‘முன் சென்சார்’ என்று எழுதி, எண்ணையும் தேதியையும் குறித்திருந்தார். அதற்கும் கீழே ‘பின் சென்சார்’ என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.