ஃபேன் சுத்துது, காத்து வரலை!

திருப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு சீலிங் ஃபேன் இறக்கையைத் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டுவது மண் தூசியாக இருக்காது, பஞ்சாக இருக்கும். பல்லடம் சாலையில் இருக்கும் அருள்புரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நிட்டிங், கட்டிங், தையல் என்று பனியன் துணி போகிற வழியெல்லாம் பஞ்சு உதிர்கிறது. வேலைக்குப் போனவர்களின் தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

அங்கே ஒரு லைன் வீடு. அப்பா நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். அம்மா கம்பெனியிலிருந்து பனியன் பீஸ்களை வாங்கிவந்து வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுக்கிறார். மகனுக்கு 22 வயது. எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் வேலை. இரண்டு தீபாவளி போனஸையும் அம்மா எடுத்த சீட்டுப் பணத்தையும் சேர்த்து, 72,000 ரூபாயில் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை பார்ட் பார்ட்டாக வாங்கி, தானே அசெம்பிள் செய்தான். ‘இந்தக் காசுக்கு ஒரு பழைய பைக்காவது வாங்கியிருக்கலாம்’ என்று அப்பா சொன்னது ஒரே ஒரு முறைதான். ஆனால், அந்த நினைப்பு அவர் முகத்தில் தினமும் இருந்தது.

ஒன்றரை வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஏப்ரல் பிறந்தது. கேம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனதும் படம் திக்கித் திக்கி ஓடும். பிறகு பட்டென்று எல்லாமே அணைந்துவிடும். எச்சரிக்கை கிடையாது, நீலத் திரை கிடையாது. கரன்ட் போனது போல ஒரு அமைதி. பத்து நிமிடம் கழித்து பட்டனை அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல ஆன் ஆகும்.

கம்ப்யூட்டர் கடையில் மதர்போர்டு போயிருக்கலாம், இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போயிருக்கலாம் என்றார்கள். இதில் வேடிக்கை, கடையில் வைத்து அரை நாள் ஓட்டியபோது அது ஒரு தடவைகூட அணையவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே ஏ.சி ஓடுகிறது, கேம் ஓடவில்லை. வீட்டிலோ மேலே சிமென்ட் ஷீட்.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 80-ல் ஓடும் பிராசஸர், அதே வேலையை 38 டிகிரி அறையில் செய்தால் கிட்டத்தட்ட 93-க்குப் போய்விடும். பல பிராசஸர்களுக்கு 90 முதல் 100 டிகிரிதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கியது அதனால்தான். அதற்கும் சூடு அடங்காவிட்டால், மின்சாரத்தை வெட்டச் சொல்லி மதர்போர்டுக்கு சிக்னல் கொடுக்கும். அணைவது கோளாறு போலத் தெரிந்தாலும், உண்மையில் அது உயிர் பிழைக்கும் வழி.

முன்பெல்லாம் இந்த வழி எல்லாவற்றிலும் இருக்கவில்லை. 2001-ல் ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ என்ற இணைய இதழ், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் மேலிருந்த கூலரைக் கழற்றி வீடியோ எடுத்தது. இன்டெலின் பென்டியம் 4 வேகம் குறைந்து தாக்குப்பிடித்தது. ஏஎம்டியின் அத்லான் புகைவிட்டுக் கருகியது. அந்த வீடியோ அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இன்றைய பிராசஸர்களில் தற்காப்பு உள்ளேயே இருக்கிறது.

மகனும் சும்மா இருக்கவில்லை. ‘ஹெச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளை இறக்கி, வெப்பநிலையை நொடிக்கு நொடி ஃபைலில் பதிய வைத்தான். அணைவதற்கு முந்தைய கடைசி வரியில் பிராசஸர் 99 டிகிரி. விண்டோஸின் ஈவென்ட் வியூவரிலோ ‘கெர்னல் பவர் 41’ என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். ‘முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது’ என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. காரணம் அதில் இருக்காது.

சூடுதான் பிரச்னை என்று தெரிந்துவிட்டது. ஆனால், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் எல்லா ஃபேனும் ஜோராகச் சுற்றுகின்றன. பேஸ்ட் காய்ந்திருக்குமோ, கூலரே போய்விட்டதோ என்று புதுக் கூலர் விலையைத் தேடிக்கொண்டிருந்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, சட்டையைக் கழற்றி உதறிவிட்டு வந்து பின்னால் நின்றார்.

“ஏங் கண்ணு, அந்தப் பொறவால கைய வெச்சுப் பாரு. காத்து வருதா?”

“ஃபேன் சுத்துதுப்பா.”

“சுத்துறது தெரியுது. காத்து வருதான்னு கேட்டேன்.”

வரவில்லை.

நிட்டிங் மெஷினின் மேல் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். நூலிலிருந்து உதிரும் பஞ்சு ஊசிகளுக்குள் இறங்காமல் ஊதித் தள்ளுவதுதான் அதன் வேலை. பஞ்சு இறங்கினால் துணியில் பழுது விழும், ஊசி உடையும். முப்பது வருடமாகப் பஞ்சோடு மல்லுக்கட்டும் மனிதருக்கு, கேமிங் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் பஞ்சு எங்கே போய் உட்காரும் என்று தெரிந்திருந்தது.

தையல் மெஷின் சுத்தம் செய்யும் ப்ளோயரை மறுநாள் கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிவந்தார். கூலரின் ஃபேனைக் கழற்றினால், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு துணியே நெய்து வைத்தது போலப் பஞ்சு. மண் தூசியாக இருந்தால் பாதியாவது தகடுகளைத் தாண்டி வெளியே போயிருக்கும். பஞ்சு நாராக இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது. போதாததற்குப் போர்வை போல சூட்டையும் உள்ளேயே பிடித்து வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் மட்டும்தான் தெரியும்.

அம்மா எட்டிப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாக இல்லை, இளஞ்சிவப்பு.

“இது போன மாசம் நான் வெட்டுன கொழந்தைங்க பீஸு கலராச்சே… என்ற வேலையாலதான் உன்ற மிசினு கெட்டுப்போச்சா சாமி?”

மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாதான் ப்ளோயரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “மிசினு வந்ததே உன்ற சீட்டுக் காசுல. போயி டீ வைய்யி.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று ஊதினார்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுப்போகலாம். கம்பெனி கம்ப்ரஸர் காற்றை நேராக அடிப்பது இன்னும் ஆபத்து. டேங்கில் தங்கிய தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும். கூலரையே தூக்கியதால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிது வைத்தான். தரையில் இருந்த கேபினெட் மர ஸ்டூலுக்கு ஏறியது. பஞ்சு கடைசியில் தரையில்தானே வந்து படுக்கிறது? அதே கேம், அதே வெயில். இப்போது 81 டிகிரி.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். பத்தாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபடி பட்டென்று அணைந்தது. பதிவைப் பார்த்தால் கடைசி வரியில் 68 டிகிரிதான். முதலில் படம் திக்கவும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். ஒருமுறை சூடு காரணமாக இருந்துவிட்டால், எல்லாவற்றுக்கும் சூட்டையே பிடித்துக்கொண்டு பேஸ்ட்டை மாற்றி மாற்றித் தடவுகிறார்கள். முழுதாக அணைவது வேறு, கேம் மட்டும் மூடிக்கொள்வது வேறு. 2024-ல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் கவிழ்ந்தபோது, பிராசஸர் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டதே காரணம் என்று அந்த நிறுவனமே சொல்லி, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அங்கே எவ்வளவு பஞ்சை ஊதினாலும் பயன் இருந்திருக்காது.

மகன் அந்தக் காலையை யோசித்துப் பார்த்தான். அணைந்த நொடியில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். அயர்ன் பாக்ஸும் கம்ப்யூட்டரும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் 400 வாட். இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர். அந்த பாக்ஸின் எல்லையே 6 ஆம்பியர்தான். பிளக்கை உருவிப் பார்த்தால், ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே பித்தளைப் பட்டை லூஸ். லூஸான இடத்தில் மின்சாரம் தட்டுத்தடுமாறிப் போகும்போது அந்த இடமே அடுப்பாகிறது.

அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, அன்று வெட்ட வேண்டிய பீஸ் மூட்டை இருந்தது.

அப்பா பாக்ஸை முகர்ந்து பார்த்தார். மகனைத் திட்டவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கம்ப்யூட்டருக்கென்று தனி ஒயர் இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அயர்ன் பாக்ஸுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றும் போட வைத்தார். 1,850 ரூபாய் ஆனது, அவரே கொடுத்தார். பீஸ் மூட்டை எதிர்ச் சுவர் ஓரமாகப் போனது.

கேபினெட் முன்னால் இருக்கும் வலை ஃபில்ட்டரை இப்போது வாரம் ஒருமுறை அம்மாதான் கழற்றி அலசி வெயிலில் வைக்கிறார். ஈரம் காயாமல் மாட்டக் கூடாது என்று மகன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, “பனியன் காயப்போடத் தெரியாதவளாடா நானு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.