டெஸ்டிடியூட்

2022ஆம் ஆண்டு ஆங்கிலப் பரீட்சையொன்றுக்காக அகராதியும் கையுமாயிருந்த நாட்களில் 'டெஸ்டிடியூட்' என்ற சொல்லைக் கற்றேன். வறுமையின் எல்லையில் நிற்பவர் என்பது பொருள். தமிழ் கற்ற செருக்கு விடுமா? மிடி, இன்மை, இலம்பாடு, நல்குரவு என்று அடுக்கிப் பார்த்தேன். நல்குரவுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கையில், பிற மொழியிற் கற்க என்ன இருக்கிறது?

சொல்லின் வேரைக் கண்டதும் செருக்கு அடங்கிற்று. இலத்தீன் மூலத்தில் அதன் பொருள் கைவிடப்பட்டவர் என்பதாகும். 'இன்மை' இல்லையென்பதோடு நின்றுவிடுகிறது. இச்சொல்லோ கைவிட்டவன் ஒருவன் உண்டென்கிறது. (வள்ளுவரும் இரவச்சத்தில் உலகியற்றியவனைத்தான் சினந்தார்.)

அவ்வாரமே வகுப்பில் மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருபவள். கோதுமை மா விலையேறிய பின் இரவில் வெறுந் தேநீர்தானாம்.

"பழகிவிட்டது, சேர்."

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் வழிவந்தவள் அவள். கைவிட்டவர் யாரென்று நான் எளிதில் விரல் நீட்டியிருப்பேன். ஆனால் ஐந்து மாதங்களாக அவள் என் முன் வாங்கிலேயே அமர்ந்திருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பாடத்தை நிறுத்திவிட்டுப் பாண் வாங்கி வர ஆளனுப்பினேன். வகுப்பில் மேலும் நால்வர் கை நீட்டினர்.