தமிழூரில் தமிழ் கற்றோம்

ஸ்பானிய தேசத்துக்குச் செல்வோர் அகராதி கொண்டு செல்வர். யாழ்ப்பாணத்திலிருந்து கல்முனைக்குக் கற்பிக்கச் சென்ற நாமோ பட்டதாரி என்ற இறுமாப்பை மட்டுமே கொண்டு சென்றோம். ‘பள்ளி எங்கே?’ என்றால் பள்ளிவாசலைக் காட்டினர். சோற்றுக்கு ‘ஆணம்’ ஊற்றினர். அகராதியில் மட்டும் கண்டிருந்த அச்சொல்லைச் சுவைத்தது அங்கேதான்!

மூன்று நாள் வராத மாணவன் ஒருவனைக் காரணம் வினவினோம்.

“வாப்பா மௌத்து, சேர்.”

ஏதோ நோயென்று எண்ணி, “குணமாகிவிடும், நீ பாடத்தைக் கவனி” என்றோம். வகுப்பே திகைத்தது. “இறந்துவிட்டார், சேர்” என்று அடுத்திருந்தவன் மெல்லச் சொன்னான்.

அன்று மாலை அவ்வீட்டு வாசலில் நின்றோம். கற்ற தமிழில் ஒரு சொல்லும் நாவில் எழவில்லை. பாட்டனார் நாற்காலியிட்டுத் தேத்தண்ணீர் தந்தார். மாணவன் மட்டும் எம் முகத்தை நோக்கவில்லை.